வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முப்பது மாத்திரை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2017-ல் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய 2,392 பேரிடம் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையில் எத்தனை சாப்பிட்டீர்கள்? குடலிறக்கம், பித்தப்பை, குடல்வால், கருப்பை என்று 12 வகை அறுவைகள் கணக்கில் வந்தன. எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எழுதப்பட்டது 30 மாத்திரை. சாப்பிட்ட கணக்கில் நடுவில் நின்ற எண் 9.

மீதி மாத்திரை வீண்செலவு, அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஒருவர் எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார் என்பதோடு எது மிக வலுவாக ஒட்டி வருகிறது என்று தேடியபோது, முதலிடத்தில் நின்றது சீட்டில் எழுதியிருந்த எண்ணிக்கை. கூடுதலாக எழுதிய ஒவ்வொரு மாத்திரைக்கும் சராசரியாக 0.53 மாத்திரை கூடுதலாக உள்ளே போயிருந்தது. வலி அதிகமானால் மாத்திரை அதிகமாவது இயல்பு. டப்பாவில் இருக்கிறது என்பதற்காக அதிகமாவது வேறு கதை. அதுவும் அந்த டப்பாவில் இருப்பது ஹைட்ரோகோடோன் என்றால் கவலைப்பட வேண்டிய கதை.

ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன், மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். அபினுக்குச் சொந்தமோ, அபினைப் போல வேலை செய்யும்படி ஆய்வகத்தில் செய்ததோ. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் போய் ஒட்டி வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. அதே ஏற்பிகள் குடலிலும், மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. ஆகவே வலி குறையும்போதே குடல் மந்தமாகும், குமட்டும், தூக்கம் அழுத்தும்; அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுபோகும். தொடர்ந்து எடுத்தால் உடல் பழகிக்கொண்டு, அதே நிவாரணத்துக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும். அறுவை அரங்கில் இந்த மருந்துகள் பெரிய துணை. பெரிய அறுவைக்குப் பிந்தைய முதல் ஓரிரு நாட்களுக்கும் பலருக்குத் தேவைப்படும். இங்கே பேச்சு அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றியது.

மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2017-ல் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 36,177 பேரை எடுத்துப் பார்த்தது. அறுவைக்கு முந்தைய ஓராண்டில் ஓபியாய்டு வாங்காதவர்கள் இவர்கள். அறுவை முடிந்து மூன்று மாதம் கடந்த பிறகும், 90-வது நாளுக்கும் 180-வது நாளுக்கும் இடையில், மீண்டும் ஓபியாய்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? சிறிய அறுவை செய்துகொண்டவர்களில் 5.9 சதவீதம், பெரிய அறுவையில் 6.5 சதவீதம். அறுவையே செய்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவில் 0.4.

முதல் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். காலில் சுருண்ட ரத்தநாளத்தை அகற்றியவரும் குடலை வெட்டி இணைத்துக்கொண்டவரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் மாத்திரையைத் தொடர்கிறார்கள் என்றால், தொடர்வதற்குக் காரணம் காயத்தின் வலி மட்டும் என்று சொல்ல வழியில்லை. புகைப்பழக்கம், மதுப்பழக்கம், மனச்சோர்வு, பதற்றம், முன்பே இருந்த முதுகுவலி போன்றவை உள்ளவர்களிடம் ஆபத்து கூடுதலாக இருந்தது. இந்த ஆறு சதவீதத்தினர் அனைவரும் அடிமையானவர்கள் என்று சிலர் எழுதுவது தவறு. மூன்று மாதத்துக்குப் பிறகும் சீட்டு நீட்டினார்கள் என்பதே தரவு. வரையறையை இறுக்கினால் எண் சிறுக்கும். ஆனாலும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான அறுவைகள் நடக்கின்றன. சிறிய சதவீதம்கூட அங்கே ஒரு நகரத்து மக்கள்தொகையாகிவிடும்.

வயது குறைந்தால் கதை இன்னும் கூர்மையாகிறது. 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்குப் பல் மருத்துவர் எழுதிய முதல் ஓபியாய்டு சீட்டு பற்றிய ஆய்வு 2019-ல் வெளியானது. பெரும்பாலும் ஞானப்பல் பிடுங்கும் வயது. அவர்களில் 6.9 சதவீதத்தினர் மூன்று மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் மறுபடி ஓபியாய்டு வாங்கினார்கள்; சீட்டு கிடைக்காத அதே வயதினரில் இது 0.1 சதவீதம். இபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் சேர்ந்தால் அடங்கக்கூடிய பல்வலிக்கு எழுதிய சீட்டு அது.

இவ்வளவு தாராளமாக எழுதும் வழக்கம் எப்படி வந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை, சுருக்கமாகப் போதும். 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் ஒரு பத்திக் கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் படுத்திருந்தபோது போதை வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானதாகப் பதிவானவர்கள் நான்கே பேர் என்றது கடிதம். உள்நோயாளிகளைப் பற்றிய அந்தக் குறிப்பு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைக்கும் சான்றாக மேற்கோள் காட்டப்பட்டது. 2017-ல் எண்ணிப் பார்த்தபோது 608 கட்டுரைகள் அதைச் சுட்டியிருந்தன. இடையில் 1996-ல் பர்டியூ நிறுவனத்தின் ஆக்ஸிகோடோன் மாத்திரையான ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. வலியை ‘ஐந்தாவது உயிர்க்குறி’யாக அளக்க வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2001-ல் வலிக்கென்று விதிமுறை கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2012-ல் உச்சம்: ஒரே ஆண்டில் 25.5 கோடி ஓபியாய்டு சீட்டுகள், 100 பேருக்கு 81 என்ற கணக்கில். 1999 முதல் 2021 வரை அங்கே ஓபியாய்டு மிகைநுகர்வில் இறந்தவர்கள் ஏறக்குறைய 6,45,000 பேர். இதை அறுவை மருத்துவர்கள் தலையில் முழுதாகக் கட்டுவது அநியாயம். ஆனால் அதுவரை ஓபியாய்டைத் தொட்டிராத ஒருவரை அதனிடம் அறிமுகப்படுத்தும் வாசல்களில் அறுவை அரங்கு முக்கியமான ஒன்று.

இந்த வாசலை ஒடுக்கியதாக இன்று பாராட்டப்படுவது, வேறொரு தேவைக்காகப் பிறந்த முறை. டென்மார்க்கில் கோபன்ஹேகனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட், 1990-களில் எளிமையான ஒரு கேள்வியைத் துரத்தினார். வெட்டும் தையலும் சரியாக முடிந்த நோயாளி ஏன் ஒரு வாரத்துக்கும் மேல் படுக்கையில் கிடக்கிறார்? அவருக்குக் கிடைத்த பதில்களில் அன்றைய மருத்துவமனை வழக்கங்கள் பலவும் குற்றவாளிகளாக நின்றன. முந்தைய இரவே வயிற்றைக் காயப்போடுவது, குடலைக் கழுவுவது, மூக்குவழிக் குழாய், தேவைக்கு மேல் ஏற்றும் சலைன், வாய்வு பிரியும் வரை சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, படுக்கையிலேயே வைத்திருப்பது. இவற்றோடு சேர்ந்து நின்ற இன்னொரு குற்றவாளி மார்ஃபின். அது குடலை முடக்குகிறது. குடல் அசையாவிட்டால் வயிறு உப்பும், வாந்தி வரும், சாப்பிட முடியாது. தலைசுற்றலோடு நடக்க முடியாது. நடக்காவிட்டால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். ஒன்றின் பின்னால் ஒன்றாக வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.

ஆகவே அவர் வலியை ஒரே மருந்தால் அடிக்காமல் பல பக்கமும் சூழ்ந்து பிடிக்கச் சொன்னார். காயத்தைச் சுற்றிய நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி, முதுகுத்தண்டில் கொடுக்கும் மருந்து, வலி வரட்டும் என்று காத்திராமல் மணி பார்த்துக் கொடுக்கும் பாரசிட்டமால், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை. ஓபியாய்டு கடைசியில், மற்றவை போதாதபோது. அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீராகாரம், அன்றே வாய்வழி உணவு, அன்றே எழுந்து நடை. 2000-ல் அவர் குழு வெளியிட்ட 60 பெருங்குடல் அறுவைகளின் தொகுப்பில் மருத்துவமனைத் தங்கல் இரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. அடுத்த ஆண்டு எடின்பரோவின் கென் ஃபியரன், ஸ்டாக்ஹோமின் ஓலே யுங்க்விஸ்ட் முதலானோர் சேர்ந்து ஆய்வுக்குழு அமைத்தார்கள். 2010-ல் அது ஈராஸ் சங்கமானது. விரைவான மீட்புக்கான இந்த நெறிமுறையை இன்று உலகம் முழுக்க ஈராஸ் என்றே அழைக்கிறார்கள்.

எச்சரிக்கை இங்கேதான் தொடங்குகிறது. ஈராஸ் ஓபியாய்டைக் குறைத்தது குடலை எழுப்ப. அடிமைத்தனம் அதன் கணக்கில் இல்லை. அதன் வெற்றியை அளந்ததும் பெரும்பாலும் எத்தனை நாளில் டிஸ்சார்ஜ், எத்தனை பேருக்குச் சிக்கல் என்ற கோல்களால். மருத்துவமனை வாசலைத் தாண்டியபின் நோயாளி என்ன விழுங்குகிறார் என்பது அந்தக் கோலில் ஏறவே இல்லை. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. பெருங்குடல் அறுவையில் ஈராஸ் நடைமுறைக்கு வந்தபின் வார்டுக்குள் ஓபியாய்டு பயன்பாடு நன்றாக விழுந்தது. வீட்டுக்கு எழுதிய சீட்டுகளோ விழவில்லை. கடைசி நாளில் வலி குறைவு என்று சொன்னவர்களுக்கும், வார்டில் ஓபியாய்டைத் தொடாமலே தேறியவர்களுக்கும்கூட கிளம்பும்போது அதே மாத்திரை எழுதப்பட்டது. வலியைப் பார்த்து எழுதியது போல இல்லை. கை தன் பழக்கத்தில் எழுதியிருக்கிறது.

என் பார்வையில் நிலைமை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. விரைவாகத் தேற்றும் முறை நோயாளியை இரண்டாம் மூன்றாம் நாளிலேயே வீட்டுக்கு அனுப்புகிறது. முன்பு வார்டில் கழிந்த வலி நாட்கள் இப்போது வீட்டுக் கூடத்தில் கழிகின்றன. பக்கத்தில் செவிலியர் இல்லை. ராத்திரி வலித்தால் தொலைபேசி அடிப்பார்களே என்று மருத்துவர் பத்து மாத்திரை கூட்டி எழுதுகிறார். தங்கல் சுருங்கச் சுருங்க, சீட்டு பெருக்க ஒரு காரணம் தானாகக் கிடைத்துவிடுகிறது.

சட்டமும் இதில் சறுக்கியிருக்கிறது. 2014 அக்டோபரில் அமெரிக்க அரசு ஹைட்ரோகோடோன் கலவைகளைக் கட்டுப்பாட்டு மருந்துகளின் மூன்றாம் பட்டியலிலிருந்து கடுமையான இரண்டாம் பட்டியலுக்கு மாற்றியது. நோக்கம் நல்லது. ஆனால் அதோடு தொலைபேசியில் மறுசீட்டு சொல்லும் வசதி போயிற்று. மாத்திரை தீர்ந்தால் நோயாளி புதிதாகச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அறுவை மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? முதல் சீட்டிலேயே அதிகம் எழுதினார்கள். மிச்சிகனின் 75 மருத்துவமனைகளில் கணக்கிட்டபோது, சட்டம் மாறியபின் அறுவைக்குப் பிந்தைய முதல் சீட்டின் அளவு சராசரியாக ஏழு மாத்திரை கூடியிருந்தது. கட்டுப்பாட்டுக்காக வந்த சட்டம் டப்பாவை நிரப்பிய கதை இது.

கூடிய மாத்திரை எங்கே போகிறது? ஆறு ஆய்வுகளைத் தொகுத்த 2017-ம் ஆண்டுக் கட்டுரையின்படி, அறுவை முடிந்தவர்களில் 67 முதல் 92 சதவீதத்தினரிடம் ஓபியாய்டு மிஞ்சியிருந்தது. பெரும்பாலோர் பூட்டாத அலமாரியில் வைத்திருந்தார்கள். வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவோர் அதை எங்கிருந்து பெறுகிறார்கள் என்று அமெரிக்க அரசின் கணக்கெடுப்பு கேட்டபோது, ஏறத்தாழ பாதிப்பேர் சொன்னது நண்பர் அல்லது உறவினர். அப்பாவின் மூட்டு அறுவைக்கு எழுதிய மாத்திரை மகனுக்குப் போகும் வழி இது.

சரி, வீட்டில் ஓபியாய்டு இல்லாமல் முடியுமா? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2022-ல் லான்செட் இதழில் 47 சோதனைகளை, 6,607 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. சிறிய, நடுத்தர அறுவைகளுக்குப் பிறகு வீட்டுக்கு ஓபியாய்டு எழுதியதால் வலி கூடுதலாகக் குறையவில்லை. வாந்தி முதலிய தொல்லைகள் மட்டும் கூடின. நாடுகளை ஒப்பிட்டாலும் இதே படம். பித்தப்பை, குடல்வால், முழங்கால் சவ்வு, மார்பகக் கட்டி என்ற நான்கு சிறு அறுவைகளுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் ஓபியாய்டு வாங்கியவர்கள் அமெரிக்காவில் 76 சதவீதம், கனடாவில் 79, ஸ்வீடனில் 11. ஸ்வீடன்காரர்களின் வயிறு வேறு விதமாக வலிக்கும் என்று யாரும் வாதிட மாட்டார்கள்.

மாற்றம் கண்ட இடங்களில் நடந்தவை பெரும்பாலும் சின்னச் சின்னக் காரியங்கள். மிச்சிகனில் 2016-ல் சாட் பிரமெட், ஜெனிஃபர் வால்ஜி, மைக்கேல் எங்கிள்ஸ்பி ஆகிய மூவர் தொடங்கிய ‘மிச்சிகன் ஓப்பன்’ குழு, நோயாளிகள் உண்மையில் சாப்பிட்ட எண்ணிக்கையை வைத்தே அறுவை வாரியாக மாத்திரை அளவை வகுத்தது. அது 43 மருத்துவமனைகளுக்குப் பரவியபோது, சராசரிச் சீட்டு 26 மாத்திரையிலிருந்து 18-க்கு இறங்கியது. சாப்பிட்டதும் 12-லிருந்து 9-க்கு இறங்கியது. வலி மதிப்பெண்ணிலும் திருப்தியிலும் சொல்லத்தக்க சரிவு இல்லை. யேல் மருத்துவமனைகளில் இன்னும் சுலபமான வேலை: கணினியில் சீட்டு எழுதும்போது தானாக வந்து நிற்கும் 30 என்ற எண்ணை 12 ஆக்கினார்கள். மருத்துவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் நடுவில் நிற்கும் சீட்டு 30-லிருந்து 20-க்கு வந்துவிட்டது. யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவக் குழு 2018-ல் வெளியிட்ட விதி. உள்நோயாளி கிளம்புவதற்கு முந்தைய நாள் எத்தனை ஓபியாய்டு மாத்திரை எடுத்தார் என்று பார். ஒன்றும் இல்லையா, வீட்டுக்கும் ஒன்றும் வேண்டாம். ஒன்று முதல் மூன்று வரை என்றால் 15. நான்கோ அதற்கு மேலோ என்றால் 30. இந்த அளவு 85 சதவீத நோயாளிகளின் தேவையைத் தீர்த்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் கிடைக்கும் தகவல்தான். எழுதுபவர் பெரும்பாலும் இளைய பயிற்சி மருத்துவர், காலை ரவுண்ட்ஸ் அவசரத்தில் இருப்பவர். புரட்டுவதற்கான அந்த ஒரு நிமிடத்தை வேலைமுறையில் யாராவது ஒதுக்கித் தர வேண்டும்.

இதிலும் சில பொறிகள் உண்டு. ஓபியாய்டைக் குறைக்கிறோம் என்று பல இடங்களில் நரம்புவலி மருந்துகளான கபாபென்டின், பிரிகாபலினை ஈராஸ் பட்டியலில் சேர்த்தார்கள். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இவை மூச்சைத் தாழ்த்தக்கூடும் என்று எச்சரித்தது. முதியவர்களுக்கும் நுரையீரல் நோயுள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மறு ஆண்டு 281 சோதனைகளின் தொகுப்பாய்வு, அறுவைக்குப் பின் இவற்றால் நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை என்றது. ஒரு பழக்கத்தை ஒழிக்க இன்னொரு பழக்கத்தை ஏற்றியாயிற்று. இபுப்ரோஃபென் வகையும் எல்லோருக்கும் ஆகாது. சிறுநீரகம் பழுதுபட்டவர், வயிற்றுப்புண் உள்ளவர் தள்ளி நிற்க வேண்டும். நீண்டகால வலிக்காக ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் ஓபியாய்டு எடுப்பவரிடம் இந்தக் கணக்கைப் போடுவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் கடும் விலகல் தொல்லையும் தற்கொலை எண்ணமும் வரலாம் என்று 2019 ஏப்ரலில் அதே நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

சீட்டுகள் குறைந்தால் சாவுகள் குறையும் என்ற எதிர்பார்ப்பும் பலிக்கவில்லை. 2020-ல் சீட்டுகள் 14.2 கோடியாகக் குறைந்திருந்தன. 2021-ல் ஓபியாய்டு சாவுகள் 80,000-ஐத் தாண்டின. கள்ளச்சந்தை ஃபென்டனில் அதற்குள் வேறொரு வாசல் திறந்துவிட்டது. அறுவைச் சீட்டைச் சீராக்குவது புதிதாக உள்ளே வருபவர்களைக் குறைக்கும்; ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சிகிச்சையும், நலாக்சோன் என்ற முறிமருந்தும்தான் வேண்டும்.

இந்தியாவில் நிலை கிட்டத்தட்ட தலைகீழ். இங்கே அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு ஆக்ஸிகோடோன் எழுதும் வழக்கம் இல்லை. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் கிடைப்பதே 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அரிதாகி, 2014-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மறுபக்கம் டிரமடால் தாராளமாகப் புழங்கி, 2018-ல் அதே சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அமெரிக்க அனுபவத்தை இங்கே இறக்குமதி செய்து மார்ஃபினுக்கு மேலும் பயப்படுவது, வலியோடு சாகிறவர்களுக்குச் செய்யும் கொடுமை.

அமெரிக்காவில் அடுத்த நம்பிக்கை ஒரு புதிய மாத்திரை. சுசெட்ரிஜின் என்ற ஓபியாய்டு அல்லாத வலி மருந்துக்கு 2025 ஜனவரி இறுதியில் அனுமதி கிடைத்தது. வலி நரம்பிலுள்ள ஒரு சோடியம் வாயிலை அடைப்பது அதன் வேலை. மூளையில் ஓபியாய்டு ஏற்பிகளைத் தொடுவதில்லை. முக்கியச் சோதனைகளில் வெற்று மாத்திரையை அது வென்றது. ஹைட்ரோகோடோன்-பாரசிட்டமால் கலவையை வெல்லவில்லை. அறிவித்த விலை மாத்திரைக்கு 15.50 டாலர், நாளுக்கு இரண்டு வேளை. அதே மாதம் முதல், ஓபியாய்டு அல்லாத குறிப்பிட்ட வலி மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் முதியோர் காப்பீடான மெடிகேர் தனியாகப் பணம் தரும் சட்டமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் இரவு நோயாளியை அழைத்து, வலி எப்படி இருக்கிறது, பாரசிட்டமாலை நேரத்துக்கு எடுத்தீர்களா, எழுந்து நடந்தீர்களா என்று கேட்கும் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. பெரிய அறுவைக்கான ஒரே தொகையில் பிந்தைய 90 நாள் கவனிப்பும் அடங்கிவிடுகிறது.